மாட்ரிட் ஏழே கால், லிஸ்பன் ஏழு முப்பத்தைந்து

தம்பி,

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். தினமும் காலையில் நீ "சாப்டியாம்மா" என்று கேட்பதும், நான் "ம்" என்று அனுப்புவதும் இன்னும் நிற்கவில்லை. ஆனால் போன டிசம்பரில் நான் உன்னைப் பேசிய பேச்சு உன் காதோடு போகவில்லை. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். உன் பெரிய மாமா வீட்டுக் கூடத்தில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் இந்தக் கடிதத்தை முதலில் நம் குடும்பக் குழுவில் போடப்போகிறேன். நீ அதிலிருந்து வெளியேறிவிட்டாய் என்பதால் உனக்குத் தனியாகவும் வரும். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். படிக்கப்போகும் மற்றவர்களுக்கு அவை தெரியாது, அல்லது நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தபடி தெரியும்.

உன் பெரியம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். என் அக்கா. பதினேழு வயதில் கன்னியர் மடத்துக்குப் போனவள். போகும்போது உன் தாத்தாவிடம், "நான் போறேன்ல, எனக்குச் செய்யிறதுக்குப் பதிலா தங்கச்சியப் படிக்க வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படித்தான் நம் வீட்டில் முதன்முதலாக நான் கல்லூரிக்குப் போனேன். இரண்டாம் வருடம் பாதியிலேயே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். கடைசி வருடப் பரீட்சைக்கு நீ நான்கு மாதக் குழந்தை. அக்கா பத்து நாள் விடுமுறையில் வந்திருந்தாள். நான் கணிதத் தாள் எழுதிக்கொண்டிருந்த மூன்று மணி நேரமும் பரீட்சை ஹாலுக்கு எதிரே வேப்பமரத்தடியில், வெள்ளை அங்கியும் முக்காடுமாக, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நீ அழுதது எனக்கு உள்ளே கேட்டது. வாட்ச்மேன் சும்மா இருக்காமல், "என்ன சிஸ்டர், மடத்துல இப்பப் பிள்ளையெல்லாம் குடுக்குறாகளா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாண்ணே, மூணு மணி நேரத்துக்கு மட்டும். மணி அடிச்சா திருப்பிக் குடுத்துரணும்" என்றாளாம் அக்கா. இதை அவள் பிறகு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பிறகு மடம் அவளை லிஸ்பனுக்கு அனுப்பியது. நீ அங்கே போய் அவளைப் பார்த்த மூன்று முறையும் இதைச் சொன்னாள் என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். நீ மூன்று முறை போய்ப் பார்த்தாய் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் அதிகம் பேசாதவள் என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீடோ எழவு வீடோ, மூலையில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஏதாவது காகிதம் வந்துவிட்டால் என்னைத்தான் தேடுவார்கள். வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பத்திரம், பஞ்சாயத்து நோட்டீஸ், எதுவானாலும் "அவகிட்டக் குடு, அவ படிச்சவ" என்பார்கள். நான் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்காத அதே வீட்டில், நான் வாசித்தால் எல்லோரும் வாயை மூடிக் கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வாசித்து முடித்துத் தலையை நிமிர்த்தும்போது எல்லா முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். இருபது வருடம் அந்தப் பார்வைக்குப் பழகியிருந்தேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு இலையை எடுத்த நேரத்தில், லிஸ்பனிலிருந்து சிஸ்டர் லிசி பேசினார்கள். பெரியம்மாவோடு அதே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மலையாளத்துக்காரர். "சேச்சி விழுந்து போயி. தலையில ரத்தம் கட்டியிருக்குன்னு டாக்டர் சொல்றது. வேண்டப்பட்டவங்க யாராச்சும் வேகம் வரணும்" என்றார்கள். இங்கிருந்து யார் போவது? விசா வாங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஐரோப்பாவில் இருக்கிற ஒரே ஆள் நீ. மாட்ரிட்டில் ஹோட்டல் சமையலறையில் வேலையில் இருந்தாய். கூப்பிட்டதும், "போறேம்மா" என்றாய். வேறு கேள்வி கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினாய். "இன்னைக்கு எதுலயும் எடமில்லம்மா, நாளைக்குக் காலைல மொத பிளேன்" என்று எழுதியிருந்தாய்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் நம் ஊரில், பெரிய மாமா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். டிக்கெட்டை வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்தேன். மாட்ரிட் புறப்பாடு ஏழு பதினைந்து. லிஸ்பன் வருகை ஏழு முப்பத்தைந்து. "இருபது நிமிஷம்" என்றேன். மாமா சிரித்தார். "இருபது நிமிஷமா! இந்தா, சின்னமனூருல பஸ் ஏறி உத்தமபாளையம் போறதுக்குள்ள பய நாடு விட்டு நாடு போயிருவான் போலயே." உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இந்தா, நல்லாப் பாரு. குமுளி மலை ஏறவே எனக்கு முக்கா மணி நேரம் ஆகுது. ஆகாசத்துல ஏறி எறங்க இருபது நிமிஷம் பத்துமா?" என்று கேட்டார். "டிக்கெட்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன். "மாப்ள, படிச்சவ சொல்றா, அவளுக்குத் தெரியாததா? நீக உங்க ஜீப்பைப் பாருங்க" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். உன் அப்பா எழுந்து வெளியே போய்த் திராட்சைப் பந்தலைப் பார்த்தபடி நின்றுகொண்டார். முப்பது வருடமாக ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறவர். தூரத்தையும் நேரத்தையும் பற்றி அந்தக் கூடத்தில் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

உன் ஊர் நேரத்தோடு நாலரை மணி கூட்டினால் நம் நேரம். இது எனக்குத் தெரியும், தினமும் போடுகிற கணக்குத்தான். ஏழு பதினைந்தோடு நாலரை கூட்டினேன், பதினொன்றே முக்கால். ஏழு முப்பத்தைந்தோடும் நாலரை கூட்டினேன், பன்னிரண்டு ஐந்து. "பன்னெண்டு அஞ்சுக்கு எறங்கிருவான்" என்று எல்லோருக்கும் சொன்னேன். பன்னிரண்டு ஐந்துக்கு உன்னைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பத்து நிமிடம் கழித்து, ஸ்விட்ச் ஆஃப். பன்னிரண்டரைக்கு, ஸ்விட்ச் ஆஃப். சிஸ்டர் லிசியும் எடுக்கவில்லை, அவர் ஐசியுவுக்குள் இருந்தார். கூடத்தில் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். "எறங்கி அரை மணி ஆச்சே, எங்கன போயிட்டான்?" "சாகப் போற ஆளுகிட்ட ஒக்காரப் பயந்துக்கிட்டு எங்கயாச்சும் காபி குடிச்சுக்கிட்டு இருப்பான்." "பிளேனே ஏறலயோ என்னமோ. ஏறாமலே ஏறிட்டேன்னு சொல்றதுக்கு இப்பத்தப் பயலுகளுக்குச் சொல்லித் தரணுமாக்கும்?" நான் எதையும் மறுக்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா இறந்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் சிஸ்டர் லிசி வெளியே வந்து போன் செய்தார்கள். உன்னைப் பற்றி நான் கேட்கவில்லை. நீ அங்கே இல்லை என்று அவர் வாயால் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்று பத்துக்கு நீ கூப்பிட்டாய். "அம்மா, எறங்கிட்டேன். டாக்சி பிடிச்சுப் போயிட்டு..." அவ்வளவுதான் சொன்னாய். "எப்படா எறங்குன?" என்றேன். "இப்பத்தாம்மா." "பொய் சொல்லாத. பன்னெண்டு அஞ்சுக்கே எறங்கிட்ட. ஒரு மணி நேரமா எங்கடா போன? அவ போயிட்டா. ஒன்னியத் தோள்ல போட்டுக்கிட்டு மூணு மணி நேரம் வெயில்ல நின்னவ போயிட்டா. ஒனக்கு இருபது நிமிஷம் ஒக்கார முடியல. நீ எனக்குப் பெறந்தவனாடா?" எல்லா முகமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன, காகிதம் வாசிக்கும்போது பார்ப்பதுபோலவே. உன் பக்கம் ஏதோ அறிவிப்புச் சத்தம் கேட்டது, பெட்டிகளை உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நீ, "சரிம்மா" என்றாய். அதை நான் நீ ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

அடக்கத்தின்போது முதல் பிடி மண்ணை நீதான் போட்டாய். வீடியோவில் பார்த்தோம். பனிமூட்டத்தில் கன்னியர் பத்துப் பேர், நடுவில் பெரிய கறுப்புக் கோட்டில் நீ. அந்தக் கோட்டை யாரிடமோ இரவல் வாங்கியிருந்தாய்போல, கை நீளமாக இருந்தது. இங்கே யாரும் நல்லவிதமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா குழுவில், "இருபது நிமிஷ தூரத்துல இருந்தவன் மண்ணு போட மட்டும் கரெக்டா வந்துட்டான்" என்று எழுதினார். அதற்குப் பதினொரு பேர் கும்பிடும் கையைப் போட்டார்கள். அன்றைக்கு நீ வெளியேறினாய். நான் பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களைந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழனிசெட்டிபட்டியில் நம் வீட்டுக்கு எப்போதும்போலப் பிள்ளைகள் சாயங்காலம் என்னிடம் டியூஷன் படிக்க வந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டவில்லை. சோறு ருசித்ததா என்று கேட்டால் தெரியாது, சாப்பிட்டேன். நீண்ட நேரம் கால் மடக்கி உட்கார்ந்து எழுந்தால் கால் நம்முடையதாகவே இருக்காது இல்லையா, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. கோபம் என்று அதைச் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் எதற்கென்றே தெரியாமல் போனில் மாட்ரிட்டுக்கும் லிஸ்பனுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினேன். ஆகாய வழியில் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் என்று வந்தது. தேனியிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்த எண் மட்டும் தலையில் தங்கிவிட்டது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேகம், தூரம், காலம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகக் கணக்குகள் முடிந்துவிட்டன. பலகையில் நானே ஒன்று எழுதினேன். ஒரு விமானம் ஐந்நூறு கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் கடந்தால் அதன் வேகம் என்ன? கையில் வந்த எண்களைத்தான் எழுதினேன். தேவாரம் ஊரிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிற பெண் ஒருத்தி முதலில் முடித்தாள். "மணிக்கு ஆயிரத்தி ஐந்நூறு டீச்சர்" என்றாள். சரி என்றேன். அவள் உட்காரவில்லை. "டீச்சர், எங்க மாமா கொச்சியில ஏர்போர்ட்ல வேலை பாக்குறாக. பிளேனு எண்ணூறு, தொள்ளாயிரம்தான் போகும்னு சொன்னாக. இது என்ன டீச்சர், ராக்கெட்டா?" பிள்ளைகள் சிரித்தார்கள். "கணக்கு தப்பு டீச்சர்" என்றாள் இன்னொருத்தி. நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாக்பீஸ் கையில் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. "டீச்சர், அடுத்த கணக்கு?" என்று கேட்டார்கள். அடுத்த கணக்கைப் போட்டேன்.

அவர்கள் போனபிறகு டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். லிஸ்பன் மாட்ரிட்டைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிற ஊர். ஏழே கால் என்பது உன் ஊர்க் கடிகாரம். ஏழு முப்பத்தைந்து என்பது அக்கா ஊர்க் கடிகாரம். இரண்டு கடிகாரத்தையும் ஒன்றாக நினைத்து நான் கழித்திருக்கிறேன். பயணம் இருபது நிமிடம் இல்லை, ஒரு மணி இருபது நிமிடம். நீ இறங்கியது நம் நேரப்படி ஒன்று ஐந்து. ஒன்று பத்துக்குக் கூப்பிட்டு, "இப்பத்தாம்மா" என்றாய். நாங்கள் உன்னைத் தேடிய அந்த ஒரு மணி நேரமும் நீ ஆகாயத்தில் இருந்தாய். அக்கா இறந்தபோதும் ஆகாயத்தில்தான் இருந்தாய். கணிதத்தில் பட்டம் வாங்கியவள் நான். எட்டாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கும் தப்பு இது. உன் அப்பா ஜீப்பை வைத்தே கண்டுபிடித்த தப்பு.

அன்று சாயங்காலம் சிஸ்டர் லிசிக்குப் போன் செய்து கேட்டேன். டிசம்பரிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "என் பையன் வரலைன்னு அக்கா தேடுனாளா?" "என்ன சேச்சி இப்படிக் கேக்கிறது? மோன் வந்துக்கிட்டு இருக்கான்னு உங்க அக்காவுக்குத் தெரியுமே. பேச்சு போயிருச்சு, ஆனா காது கேட்டுச்சு. சுவர்க் கிளாக்கையே நோக்கிக்கிட்டு இருந்தாங்க. நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், இப்ப ஏறியிருப்பான், இப்ப பாதி வழி, இனி பதினஞ்சு நிமிஷம்னு. அதுக்குள்ள போயிட்டாங்க." ஆக, உன் பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இங்கே தேனிப் பக்கத்தில் ஒரு கூடத்தில் மட்டும்தான் நீ வராதவனாக இருந்தாய். அதுவும் நான் வாசித்துச் சொன்னதால்.

உன் அப்பாவிடம் சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "அவன்கிட்டச் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். இரண்டு மாதம் தம்பி. தெரிந்தபிறகும் இரண்டு மாதம் தினமும் உனக்கு "ம்" என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மாமா, "என்னத்தா, மகன் பேசுறானா?" என்று கேட்டார். அங்கேயே சொல்லியிருக்கலாம். "பேசுறான்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் தப்பு வெளியே தெரிந்தால் இனி யாரும் என்னிடம் காகிதம் கொண்டுவர மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. உன் பேருக்கு எதிரே தராசில் நான் வைத்தது அதைத்தான்.

அம்மா என்ற முறையில் உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். விடை வந்ததும் அது நடக்கிற காரியம்தானா என்று ஒருமுறை கேட்டுப் பார். நீ சொல்வதை எல்லோரும் ஒத்துக்கொள்ளும்போது, ஒத்துக்கொள்ளாமல் வெளியே போய் நிற்கிறவர் யார் என்று பார். உன்மேல் யாராவது தப்பாகப் பழி போட்டால் "சரிம்மா" என்று சொல்லாதே. அம்மாவாக இருந்தாலும் சொல்லாதே. நீ ஏன் அன்று எதிர்த்துப் பேசவில்லை என்று நிறைய யோசித்தேன். அக்கா இறந்த செய்தியை நான் வசவுக்கு நடுவில்தான் உனக்குச் சொன்னேன். அதைக் கேட்டபிறகு மணிக்கணக்கு பேச உனக்கு மனசு வந்திருக்காது. பிறகு பேசவும் நான் இடம் கொடுக்கவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், வைகாசியில் மாமா மகளுக்குக் கல்யாணம். போன வாரம் பத்திரிகை ப்ரூஃப் அச்சாபீஸிலிருந்து வந்தது. வழக்கம்போல மாமா என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். "எழுத்துப்பிழை இருந்தா சுழிச்சுக் குடு ஆத்தா. நீ பாத்தாத்தான் எனக்கு நிம்மதி." அன்புடன் அழைக்கும் உறவினர் வரிசையில் எல்லா அத்தை பிள்ளைகளின் பெயரும் இருந்தது. போன மாதம் பிறந்த குழந்தைக்குக்கூட அதில் இடம் இருந்தது. உன் பெயர் இல்லை. "அண்ணே, ஒரு பேரு விட்டுப்போச்சு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "விட்டுப்போகலத்தா. விட்டதுதான்" என்றார். "ஒன் வாயாலதானத்தா கேட்டோம்" என்றார் பிறகு. ப்ரூஃபை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணே, இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். ப்ரூஃபில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஒரு பிழை இருந்தது, திருத்திவிட்டேன். அத்தை பிள்ளைகள் வரிசையில் மூன்றாவதாக, வயதுப்படி வரவேண்டிய இடத்தில், அவன் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அதைப் படம் எடுத்து இந்தக் கடிதத்தோடு போடுகிறேன். தப்பு என்னுடையது. உங்கள் முன்னால் சொன்னதால் உங்கள் முன்னாலேயே சொல்கிறேன். என் பெயரை எடுக்க வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பெயர் இல்லாத பத்திரிகையை நான் யாருக்கும் வைக்கப்போவதில்லை.

தம்பி, நீ கல்யாணத்துக்கு வா என்று நான் கேட்கவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். மன்னித்துவிடு என்று கேட்கவும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு விமானத்தில் நீ எந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாய், பக்கத்தில் யார் இருந்தார்கள், ஏதாவது சாப்பிட்டாயா, ஜன்னலில் என்ன தெரிந்தது, பெரியம்மாவை நினைத்தாயா, என்னை நினைத்தாயா, இதையெல்லாம் இதுவரை யாரும் உன்னிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வேலை முடிந்ததும் கூப்பிடு. ஸ்பீக்கரில் போட மாட்டேன். ஏழே காலிலிருந்து சொல்லிக்கொண்டு வா. ஒரு மணி இருபது நிமிடம். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா